கியர் பாக்ஸ் போச்சுன்னு சொன்ன ஹெரால்டும் கொண்டலாம்பட்டி பக்கம் போர்டு இல்லாத ஒரு பட்டறையும்

சேலத்துல பழைய வண்டி வச்சிருக்கறவங்களுக்கு மட்டுந்தான் இந்த ரிவ்யூ. புது வண்டிக்காரங்க பேசாம ஷோரூமுக்கே போய்க்கங்க, ஏன்னா இந்த மேஸ்திரி உங்கள வாசல்லயே திருப்பி அனுப்பிடுவார். கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் லாரி பட்டறைங்களுக்கு நடுவுல ஒரு தகர ஷெட்டு, போர்டு கெடையாது, பில் புக்கு கெடையாது, உக்கார ஒழுங்கா ஒரு சேர் கூட கெடையாது. ஆனா கிளட்ச்சு, கியர் பிரச்சனைன்னு வந்தா இவர் ஒரு தடவ பாக்காம உங்க கியர் பாக்ஸ எறக்க யாருக்கும் சம்மதம் சொல்லிடாதீங்க, அத சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

எங்க வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் 3, நாலு கதவு. அப்பாவோடது. இப்ப இருக்கற பசங்களுக்கு பேரே தெரியாது அதனால சுருக்கமா சொல்லிடறேன், இங்கிலாந்துல 1959ல வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு தான் இதோட மூலம், இத்தாலிக்காரர் மிக்கேலாட்டி டிசைன் பண்ணது, அத மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961ல இருந்து நம்ம வண்டலூர் பக்கம் செஞ்சாங்க. அங்க இங்கிலாந்துல ரெண்டு கதவு தான், நாலு கதவு வச்சது நம்ம ஊர்ல மட்டும். 948 சிசி இன்ஜின். அந்த காலத்துல அம்பாசிடரும் ஃபியட்டும் ஸ்டீயரிங் கீழ ஹேண்ட் கியரோட ஓடிட்டு இருந்தப்ப இதுக்கு மட்டும் கீழ ஃப்ளோர் கியர், அதுல அப்பாவுக்கு ஒரு பெருமை. முன்பக்கம் மட்காடு பானட்டு எல்லாம் சேந்து ஒரே பீஸா முன்னாடி சாயும், டயர் மேலயே உக்காந்துட்டு இன்ஜின் வேல பாக்கலாம், இன்னைக்கு ரோட்டுல ஓடற சாதாரண வண்டியில இந்த வசதி இல்ல.

நாங்க ஏற்காட்டுல இருக்கோம், சாமான் வாங்க, ஆஸ்பத்திரி, கல்யாணம்னு எல்லாத்துக்கும் கீழ எறங்கித்தான் ஆகணும். அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. 948 சிசிய நாலு பேரோட அதுல ஏத்தறவங்களுக்கு தெரியும், பல வளைவுல செகண்டு இழுக்காது, ஃபர்ஸ்ட்டுக்கு போயே ஆகணும், இந்த வண்டியில ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ (கியர் கத்தாம விழ உள்ள வேகத்த சமமாக்கற வளையம்) கெடையாது, ரெண்டு மூணு நாலுக்கு மட்டுந்தான். அதனால சமவெளியில ஓட்டறவன் ஆறு மாசம் கழிச்சு கண்டுபுடிக்கற கிளட்ச் பிரச்சனை மலையில ஒரே வாரத்துல வெளிய வந்துரும்.

எங்களுக்கு வந்தது இப்படி. காலைல எடுத்தா ஒண்ணும் தெரியாது, கியர் சாதாரணமா விழும். பாதி மலை ஏறினதும் ஃபர்ஸ்ட்டு விழாது, கிர்ருன்னு கத்தும், ரிவர்ஸ் போட்டா பக்கத்து வண்டிக்காரன் திரும்பி பாப்பான். கீழ அஞ்சு ரோடு சிக்னல்ல ஃபர்ஸ்ட்ல போட்டு கிளட்ச்ச மிதிச்சுட்டு நின்னா, மிதிச்சது மிதிச்சபடி இருக்க வண்டி மெதுவா முன்னாடி நவுர ஆரம்பிக்கும், முன்னாடி நிக்கற பைக்காரர் மொறைப்பார். இந்த கடைசி அறிகுறிய மட்டும் நல்லா மனசுல வச்சுக்கங்க, மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு.

மொதல்ல டவுனுக்குள்ள நல்லா பேர் வாங்கின ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்கு தான் கொண்டு போனோம், பேரு வேணாம். ஏசி போட்ட ரூம், காஃபி மெஷின், கம்ப்யூட்டர் பில்லு. பானட்ட தூக்கி கிளட்ச் ஆயில் டப்பாவ பாத்தாங்க, ஃபுல்லா இருக்கு, எங்கயும் ஒழுகல, அப்ப பெடல்ல இருந்து கிளட்ச்சுக்கு ஆயில் அழுத்தம் போற ஹைட்ராலிக் ஓக்கே, கியர் கத்துதுன்னா கியர் பாக்ஸ் தான்னு ஒரே மூச்சுல முடிச்சுட்டாங்க. ஓவராயிலிங், கிளட்ச் செட்டு, கூட வண்டிய தூக்கி அடியில இருந்து கியர் பாக்ஸ எறக்கற கூலின்னு ஒரு லிஸ்ட்டு, அம்பதாயிரத்துக்கு கிட்ட. இதுல கடைசி ஐட்டத்த பாத்துதான் எனக்கு சந்தேகமே வந்துச்சு. ஹெரால்டுல கியர் பாக்ஸ் அடியில எறங்காதுங்க. முன் சீட்ட கழட்டி நடுவுல இருக்கற கவர எடுத்தா கியர் பாக்ஸ் வண்டிக்குள்ளயே வந்து கதவு வழியா வெளிய போகும். அப்பா காலத்துல ஒருக்கா அப்படித்தான் எடுத்தாங்க, வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கத. அது தெரியாதவங்க இந்த வண்டிய தொட்டதே இல்லன்னு அர்த்தம், எடுத்துட்டு வந்துட்டேன்.

அப்பறம் தெரிஞ்ச லாரி ஓனர் ஒருத்தர் மூலமா இந்த மேஸ்திரி. அறுபது வயசுக்கு மேல இருக்கும், சங்ககிரி பக்கம் லாரில தொழில் கத்துகிட்டவராம், அப்பறம் அம்பாசிடர் டாக்சிங்க, இப்ப பழைய வண்டி மட்டும். போன உடனே ஸ்பேனர் எடுப்பார்னு பாத்தா எடுக்கல. டீ சொல்லிட்டு கேள்வி கேக்க ஆரம்பிச்சார். "ஏம்மா, ஸ்டார்ட் பண்ண உடனே கத்துதா சூடானப்பறமா? ஒருக்கா மிதிச்சா விழாதது ரெண்டு மூணு தடவ மிதிச்சா விழுதா? ரிவர்ஸ் மட்டுமா ஃபர்ஸ்ட்டுமா? மேல ஏறும்போது ரேஸ் ஏறி வண்டி ஏறாம நிக்குதா? மிதிக்கறப்ப சத்தமா விடறப்ப சத்தமா?" நான் டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி ஒவ்வொண்ணா சொல்லிட்டு இருக்கேன், அவர் தலைய கூட ஆட்டல.

அப்பறம் அவரே சீட்ல உக்காந்தார். இன்ஜின ஆஃப் பண்ணிட்டு நாலு கியரையும் ரிவர்ஸையும் போட்டு போட்டு எடுத்தார், அலுங்காம விழுது. "பாத்தியாம்மா, இன்ஜின் நின்னா எல்லாம் விழுது. அப்ப கியர் லீவரும் உள்ள கியர தள்ளற ஃபோர்க்கும் நல்லாத்தான் இருக்கு. இன்ஜின் ஓடறப்ப மட்டும் விழலைன்னா, நீ மிதிச்சும் இன்ஜின் கியர் பாக்ஸ விடலைன்னு அர்த்தம்." இவ்ளோ தான் விஷயம், பெரிய ஒர்க்ஷாப்ல ஒருத்தரும் இத பண்ணி பாக்கல, ஒரு நிமிஷம் ஆகாது, சல்லிக்காசு செலவில்ல.

அடுத்தது ரிவர்ஸ் டெஸ்ட்டு. இன்ஜின ஸ்லோவுல ஓட விட்டு கிளட்ச்ச முழுசா மிதிச்சு ஒண்ணு ரெண்டு மூணுன்னு அஞ்சு வரைக்கும் எண்ணிட்டு ரிவர்ஸ் போட்டார். கத்துச்சு. ரிவர்ஸுக்கு சிங்க்ரோ இல்ல அதனால அது பொய் சொல்லாது, கிளட்ச்சு முழுசா விட்டுருந்தா சில செகண்டுல உள்ள ஷாஃப்ட்டு சுத்தறது நின்னுரும், நின்னா சத்தமில்லாம விழணும், விழலைன்னா இன்னும் ஏதோ இழுத்துட்டு இருக்குன்னு அர்த்தம். சரின்னு பெடல ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணிட்டு மறுபடி போட்டார், சத்தமே இல்லாம விழுந்துச்சு. "பம்ப் பண்ணா விழுதுன்னா வியாதி கியர் பாக்ஸ்ல இல்ல, ஆயில் போற வழியில." கிளட்ச் பிளேட்டோ, இன்ஜின் பக்கம் கியர் பாக்ஸ் ஷாஃப்ட் முனைய தாங்கற ஸ்பிகட் புஷ்ஷோ புடிச்சிருந்தா நீங்க நூறு தடவ பம்ப் பண்ணாலும் அப்படியே தான் கத்தும், அதான் வித்தியாசம்.

மூணாவது டெஸ்ட்டு தான் எனக்கு ரொம்ப புடிச்சது. இன்ஜின் ஆஃப், ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு என்ன சீட்ல உக்கார வச்சு "மிதிச்சது மிதிச்சபடி இரும்மா, பம்ப் பண்ணாத, விடாத"ன்னு சொல்லிட்டு பையன பின்னாடி இருந்து தள்ள சொன்னார். வண்டி உருண்டுச்சு. நிறுத்த சொன்னார், நான் இன்னும் மிதிச்சுட்டு தான் இருக்கேன், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தள்ள சொன்னார், பையன் மூக்கு செவந்து போச்சு வண்டி நவுரல. என் கால் ஒரு துளி அசையல, ஆனா அந்த சைடுல கிளட்ச்சு தானா திரும்ப புடிச்சுகிச்சு. பெடல மிதிச்சா ஆயில தள்ளற மாஸ்டர் சிலிண்டர் உள்ள இருக்கற ரப்பர் சீல் தேஞ்சு போச்சுன்னா இப்படித்தான், மிதிச்ச உடனே அழுத்தம் வரும், அப்பறம் ஆயில் சீல தாண்டி மெதுவா டப்பாவுக்கே திரும்பிரும். வெளிய ஒரு சொட்டு ஒழுகாது, டப்பா லெவல் கொறையாது. லெவல் ஃபுல்லா இருக்குன்னு சொல்லி ஹைட்ராலிக்க விட்டுட்டாங்கல்ல மொத ஒர்க்ஷாப்ல, அங்கதான் கோட்ட விட்டாங்க. சிக்னல்ல வண்டி நவுந்ததும் இதே தான், வேற ஒண்ணுமில்ல. சூடானா ஆயில் இன்னும் தண்ணியாகும், தேஞ்ச சீல்ல இன்னும் சுலுவா தாண்டும், அதனாலதான் காலைல நல்லா இருந்தது பாதி மலையில கத்துச்சு.

அத்தோட விட்டுருந்தா சாதாரண நல்ல மெக்கானிக்குன்னு சொல்லி நாலு ஸ்டார் போட்டுருப்பேன். ஆனா மனுஷன் அதுக்கப்பறம் பானட்ட சாய்ச்சு, மாஸ்டர் சிலிண்டர் கீழ இருக்கற தகட்ட விரலால தடவி பெயிண்டு பொரிஞ்சு இருக்கறத காமிச்சார். கிளட்ச்சுக்கு ஊத்தறதும் பிரேக் ஆயில் தான், அது பட்டா பெயிண்ட் உரியும், அப்ப இது எப்பவோ வெளியவும் ஒழுகி இருக்கு, யாரோ தொடச்சுட்டு விட்டுருக்காங்க. பெடலுக்கு கீழ கைய விட்டு தடவி பாத்தார், கார்ப்பெட்டு காஞ்சு இருக்கு. அப்பறம் பெடல் மேல் முனையில பின்னு கோக்கற ஓட்டைய டார்ச் அடிச்சு காமிச்சார், வட்டமா இருக்க வேண்டியது முட்டையா இருக்கு, பின்னும் நடுவுல தேஞ்சு இடுப்பு விழுந்திருக்கு. பெடல் எறங்கறதுல மொத கொஞ்ச தூரம் அந்த ஓட்டைக்குள்ளயே வீணாகுது. கவர எடுத்து கியர் பாக்ஸ் பக்கத்துல இருக்கற ஸ்லேவ் சிலிண்டர் (அந்த ஆயில் அழுத்தத்த வாங்கி கிளட்ச்ச தள்ளறது) ராடுகிட்ட ஒரு ஸ்கேல வச்சு என்ன மிதிக்க சொன்னார், கால் இஞ்சுக்கு மேல போகல. அதுக்கு டபுளாவது போகணும்னார்.

கிளட்ச் பிளேட்டு போச்சான்னு நான் கேட்டேன், ஏன்னா அந்த லிஸ்ட்டுல பிளேட்டும் இருந்துச்சு. ஹேண்ட் பிரேக்க இழுத்து, டயருக்கு கல்லு வச்சு, டாப் கியர்ல போட்டு லேசா ரேஸ் குடுத்து கிளட்ச்ச விட்டார், இன்ஜின் டக்குன்னு நின்னுச்சு. நிக்காம உறுமிட்டே இருந்தா பிளேட் வழுக்குது, மாத்தணும். இது நின்னுச்சு, பிளேட்டுல இன்னும் உசுரு இருக்கு. இங்க ஒரு விஷயம், நிறைய பேர் கிளட்ச் போச்சுன்னு பொதுவா சொல்லிடறாங்க, ஆனா வழுக்கறதும் விடாம இழுக்கறதும் நேர் எதிர் வியாதி. வழுக்கினா ரேஸ் ஏறும் வண்டி ஏறாது, கியர் நல்லா விழும், கருகின வாட வரும். விடாம இழுத்தா வண்டி நல்லா ஏறும், கியர் தான் விழாது. இத ரெண்டையும் பிரிச்சு பாக்கத் தெரியாதவர்கிட்ட வண்டிய விட்டா ரெண்டு வியாதிக்கும் ஒரே மருந்து தான், பிளேட்டு செட்டு மாத்தறது, அதுல பாதி தடவ காசு தண்டம். எந்த ஒர்க்ஷாப்ப பத்தியும் தனியா சொல்லல, பொதுவா சொல்றேன்.

சத்தத்த பத்தியும் சொன்னார். நியூட்ரல்ல இன்ஜின் ஓடறப்ப கிளட்ச்ச மிதிச்சா கிறீச்சுன்னு வந்தா கிளட்ச்ச அழுத்தற ரிலீஸ் பேரிங். மிதிச்சா நின்னு, விட்டா கொர்ருன்னு வந்தா கியர் பாக்ஸ் முன் ஷாஃப்ட் பேரிங். எங்களுக்கு ரெண்டும் இல்ல.

வேலைக்கு வருவோம். மாஸ்டர் சிலிண்டர கழட்டி பிரிச்சா உள்ள இருந்த ஆயில் கருப்பா கொழகொழன்னு வந்துச்சு. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், வருஷக்கணக்கா மாத்தாம விட்டா உள்ள துரு புடிச்சு போர்ல, அதாவது சிலிண்டர் உள்சுவர்ல, குழி விழும், எங்களுதுல விழுந்திருந்துச்சு, நகத்த வச்சு தடவினா மாட்டுது. இங்கதான் பல பேர் சீல் மட்டும் மாத்தி குடுத்துடுவாங்க, ரெண்டு மாசம் ஓடும், அந்த குழி புது சீலையும் அறுத்துடும். இவர் சீல் மட்டும் போட மாட்டேன்னுட்டார், சிலிண்டர கோயம்புத்தூருக்கு அனுப்பி லேத்துல போர் பண்ணி ஸ்லீவ் (உள்ள ஒரு புது குழாய்) அடிச்சு வாங்கினார். ஸ்லேவுக்கு அது தேவப்படல, சீல் கிட்டு மட்டும். சீலு போடறதுக்கு முன்னாடி பையன் பழக்க தோஷத்துல டீசல் டின்ன எடுத்தான், மேஸ்திரி குடுத்த சத்தத்துல பக்கத்து பட்டறையே திரும்பி பாத்துச்சு. டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் எது பட்டாலும் அந்த ரப்பர் ஊதிரும், ஸ்பிரிட்ல இல்லன்னா அதே பிரேக் ஆயில்ல தான் கழுவணும். ரப்பர் ஓஸும் மாத்தினார், பழசு வெளிய பாக்க நல்லா இருந்துச்சு, ஆனா மிதிச்சா லேசா உப்புது, அங்கயும் கொஞ்சம் அழுத்தம் போகுது. பெடல் ஓட்டைய வெல்டு வச்சு மூடி மறுபடி வட்டமா ட்ரில் போட்டு, பக்கத்து லேத்துல புது பின்னு கடஞ்சு போட்டார், இந்த வேலைக்கு அவர் கேட்ட காச சொன்னா நீங்க சிரிப்பீங்க, ரெண்டு பேருக்கு பிரியாணி வராது.

ஆயில் லைன்ல மாட்டின ஏர் எடுக்கறத மட்டும் அவரே பண்ணார், பையன பெடல்ல உக்கார வச்சு, மிதி, புடி, விடுன்னு. நிப்பிள்ல ட்யூப மாட்டி பாட்டில்ல விட்டு குமிழி நிக்கற வரைக்கும். அப்பறம் அதே ஸ்கேல வச்சு என்ன மறுபடி மிதிக்க சொன்னார், அரை இஞ்சு ஓடுச்சு. அதே ரிவர்ஸ் டெஸ்ட்டு, அஞ்சு எண்ணிட்டு போட்டா சத்தமில்ல. மிதிச்சு வச்சுட்டு தள்ளற டெஸ்ட்டு, டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் மிதிச்சுட்டே இருக்க சொல்லிட்டு தள்ள சொன்னார், உருண்டுச்சு. ரிப்பேருக்கு முன்னாடி என்ன டெஸ்ட்டோ பின்னாடியும் அதே டெஸ்ட்டு, அதயும் நம்மள வச்சே. இதுக்காகவே அந்த ஷெட்டுக்கு போகலாம்.

கியர் பாக்ஸ் ஆயில் ஒரு சொட்டு எடுத்து விரல்ல தேச்சு வெயில்ல காமிச்சார், தங்கப் பொடி தூவுன மாதிரி மினுக்குது. அது சிங்க்ரோவோட பித்தள. துண்டு துண்டா இரும்பு வந்திருந்தா பல்லு ஒடையுதுன்னு அர்த்தம், உடனே பிரிக்கணும், இது அப்படி இல்ல. எங்க வண்டியில செகண்ட் கியர் கொஞ்சம் தேஞ்சு தான் இருக்கு, வேகமா மூணுல இருந்து ரெண்டுக்கு இழுத்தா லேசா கடிக்கும், அத அவரும் ஒத்துகிட்டார். மாத்தலாமான்னு கேட்டதுக்கு வேணாம்னுட்டார், "இத பிரிச்சா புது சிங்க்ரோ கெடைக்கற வரைக்கும் வண்டி எங்க ஷெட்டுலயே கெடக்கும், டபுள் கிளட்ச் போட்டு ஓட்டு, உங்கப்பா அப்படித்தான ஓட்டிருப்பார்." பழைய ஆயில கொட்டிட்டு ஈ.பி. 90 கியர் ஆயில் ஊத்தினார், அதுவும் டப்பாவ திருப்பி ஜி.எல். 4ன்னு இருக்கான்னு பாத்து. ஜி.எல். 5 பின்னாடி சக்கரத்த சுத்தற கிரவுன் கியருக்கு சரி, ஆனா அதுல இருக்கற சில கெமிக்கல் சூட்டுல பித்தள சிங்க்ரோவ அரிக்கலாம், பழைய கியர் பாக்ஸ்காரங்க எல்லாரும் டப்பாவ படிச்சுட்டு ஊத்துங்க.

டபுள் கிளட்ச் எப்படின்னு தெரியாத பசங்களுக்கு: மிதிச்சு நியூட்ரலுக்கு கொண்டு வந்து, கிளட்ச்ச விட்டு, லேசா ஒரு ரேஸ் குடுத்து, மறுபடி மிதிச்சு கீழ் கியர போடறது. உள்ள இருக்கற ரெண்டு பல்லும் ஒரே வேகத்துல சுத்தறப்ப போடறதால சிங்க்ரோ வேலைய நம்ம கால் செய்யுது. ஏற்காடு ஏறும்போது வளைவுக்கு முன்னாடியே இத முடிச்சுடணும், வளைவுக்குள்ள போய் தேடக்கூடாது. மேஸ்திரி ட்ரையலுக்கு என் கூட மலைக்கே வந்தார், முதல் ரெண்டு மூணு வளைவு வரைக்கும் வாய தொறக்கல, அதுக்கப்பறம் நான் கீழ எறங்கற பஸ்ஸுக்காக பாதி கிளட்ச்சுல வண்டிய நிறுத்தி வச்சத பாத்துட்டு ஹேண்ட் பிரேக்க அவரே இழுத்துட்டார். "ஏறற வண்டிக்கு தான் வழி விடணும், அது சட்டம், ஆனா பஸ்ஸுக்காரன் விடமாட்டான். நிக்கணும்னா ஹேண்ட் பிரேக்க போட்டு கால எடு, பிளேட்ட கருக்காத." கியர் லீவர் மேல கைய வச்சுட்டே ஓட்டறதுக்கும் ஒரு திட்டு வாங்கினேன், அந்த எடை உள்ள ஃபோர்க்குல தான் போய் விழுது.

நான் போனப்ப ஷெட்டுல ஒரு அம்பாசிடர் நின்னுச்சு, ஹேண்ட் கியர், ரெண்டாவதுல மாட்டிகிட்டு வெளிய வரல. ஓனர் முகம் செத்து போய் நிக்கறார், கியர் பாக்ஸ்னு யாரோ சொல்லிருக்காங்க போல. மேஸ்திரி பானட்ட தூக்கி ஸ்டீயரிங் ராடு கீழ இருக்கற ரெண்டு லீவர கையால நேர் பண்ணி விட்டார், வந்துருச்சு. லிங்க்கேஜ் புஷ்ஷு தேஞ்சா ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு மாட்டிக்கும், புஷ்ஷு மாத்தினா தீந்துச்சு. இன்னொரு ஓரத்துல ஒரு பழைய மாருதி 800, அதுக்கு ஆயிலே கெடையாது, கேபிள் கிளட்ச்சு. பெடல் கல்லு மாதிரி கனமா இருந்தா பிளேட்டுக்கு போறதுக்கு முன்னாடி கேபிள மாத்தி பாருன்னு அந்த பையன்கிட்ட சொல்லிட்டு இருந்தார், ஃப்ரீ ப்ளே, அதாவது பெடல்ல மொத கொஞ்சம் லூஸ், இல்லாம கேபிள இறுக்கி வச்சா நல்ல பிளேட்டும் வழுக்கும்னும்.

கொறையும் சொல்லணும்ல. தேதி சொன்னா நம்பாதீங்க. ஸ்லீவ் கோயம்புத்தூர்ல இருந்து வர்றதுக்குள்ள எனக்கு பொறுமையே போயிருச்சு, ஃபோன் பண்ணா எடுக்க மாட்டார், எடுத்தா "வண்டி ரெடிம்மா"ம்பார், போய் பாத்தா பானட்டு தொறந்தே கெடக்கும். ஸ்பேர்ஸ் விஷயத்துல புடிவாதக்காரர். ட்ரையம்ஃப் வண்டிக்கு இங்கிலாந்துல இன்னும் கிளப்பு, கடைன்னு எல்லாம் இருக்கு, ஒரிஜினல் அளவுல சீல் கிட்டு தாராளமா கெடைக்குது, வெளிநாட்டுல இருந்து வர்ற சொந்தக்காரங்ககிட்ட சொன்னா சட்டப்பைல போட்டு கொண்டு வந்துருவாங்க. இவர் அதெல்லாம் எதுக்கு, நம்ம ஊர் வண்டி சீலே அளவு பாத்து போட்டுக்கலாம்கறார். அளவு பாத்து தான் போட்டார், இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்கு, இருந்தாலும் இந்த ஒரு விஷயத்துல நான் அவர் பேச்ச கேக்கப் போறதில்ல, ஒரு கிட்டு வாங்கி டேஷ்போர்டுல போட்டு வச்சுடுவேன். மலையில நின்னு அளவு பாக்க முடியாது.

லேடீஸ் தனியா போறதுக்கு தயங்க வேண்டியதில்ல, மரியாதையா பேசுவாங்க, ஆனா பாத்ரூம் வசதி சுத்தமா கெடையாது, மெயின் ரோட்டு பெட்ரோல் பங்க்கு தான். நிழல் இல்ல, சித்திரை வைகாசில மத்தியானம் போனீங்கன்னா தகரத்துக்கு கீழ வெந்துருவீங்க. காசு கேஷ், ஜிபே ரெண்டும் வாங்கறார், அந்த ஜிபே கூட பையன் நம்பர்ல. ஸ்லீவ், கிட்டு, ஓஸு, வெல்டிங், ஆயில், அவர் கூலி எல்லாம் சேத்து அந்த பெரிய ஒர்க்ஷாப் லிஸ்ட்டுல அஞ்சுல ஒரு பங்கு கூட வரல. பழைய பார்ட்ஸ் எல்லாத்தையும் நியூஸ் பேப்பர்ல மடிச்சு கைல குடுத்துட்டார், கேக்காமலே.

போறவங்க காலைல பத்து மணிக்குள்ள போயிருங்க, அதுக்கப்பறம் லாரிக்காரங்க வந்துட்டா உங்கள கவனிக்க மாட்டார். வண்டிய கழுவி பாலிஷ் போட்டு கொண்டு போகாதீங்க, எங்க ஒழுகுதுன்னு தெரியாம போயிரும்னு திட்டுவார். கிளட்ச் எப்ப கத்துது, பம்ப் பண்ணா விழுதா, இன்ஜின் ஆஃப்ல விழுதான்னு மேல சொன்னத வீட்லயே ஒருக்கா செஞ்சு பாத்துட்டு போங்க, பாதி நேரம் மிச்சம். அஞ்சுக்கு நாலரை குடுக்கறேன், அந்த அரை ஃபோன் எடுக்காததுக்கு.